கண்ணளவு மாஸ்டர் வாங்கிய கார்

ஓர் ஆள் கடைப்படி ஏறும்போதே அவன் இடுப்பு முப்பத்து நாலா முப்பத்தாறா என்று சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தத் தையல்காரருக்குக் கண்ணளவு மாஸ்டர் என்று பெயர். டேப் கழுத்தில் எப்போதும் தொங்கும். ஆனால் அதை எடுத்து அளப்பதெல்லாம் வந்தவரின் மனத் திருப்திக்காகத்தான். தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பவர்களைப் பார்த்தால், “விடுங்க சார், மூச்ச விடுங்க. நான் முன்னாடியே பாத்துட்டேன்” என்பார். அவர்களும் அசடு வழிந்துகொண்டே மூச்சை விடுவார்கள்.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. ட்ரையல் கிடையாது. தைத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். போட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கணக்கு வாத்தியார் தெரியாத்தனமாக, “ஒரு தடவ போட்டுப் பாத்துடறேனே மாஸ்டர்” என்று கேட்டுவிட்டார். மாஸ்டர் அந்த பேண்ட்டைக் கொண்டுபோய், ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி, கடை வாசலில் மாட்டிவிட்டார். மூன்று நாள் தொங்கியது. நாலாம் நாள் வாத்தியார் வந்து, “தப்புதான் மாஸ்டர், குடுங்க” என்று வாங்கிக்கொண்டு போனார்.

திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். திமிர்தான், ஆனால் அதற்கு ஆதாரம் வைத்திருந்தார். முப்பது வருஷத்தில் அவர் தைத்த ஒரு பேண்ட், ஒரே ஒரு பேண்ட், இறுக்கம் என்றோ தொளதொளப்பு என்றோ கடைக்குத் திரும்பி வந்தது கிடையாது. பஸ் டிப்போவில் மட்டும் நூற்றுப் பத்து டிரைவர்கள். வருஷத்துக்கு ஆளுக்கு மூன்று காக்கி பேண்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுகூட வரவில்லை.

எதிர்ச்சாரியில் ஒரு ரெடிமேட் கடை வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உள்ளே நான்கு ட்ரையல் ரூம், ஆளுயரக் கண்ணாடி, உட்கார குஷன் ஸ்டூல். அதையும் தாண்டி மாஸ்டர் கடைக்கு ஆள் வந்தது என்றால் அந்தக் கண்ணளவு என்கிற பெயருக்காகத்தான். அந்தப் பெயர் போனால் கடையைப் பூட்டிச் சாவியை எதிர்க் கடைக்காரனிடமே கொடுத்துவிட வேண்டியதுதான். இது மாஸ்டருக்கும் தெரியும், அவரிடம் வேலை பார்த்த இரண்டு தையல்காரர்களுக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

ரவுண்டானா பக்கம் புதிதாகத் திறந்திருந்த கார் ஷோரூமில் எட்டுப் பேருக்குச் சட்டை தைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அளவெடுக்கத்தான் போனார். ஏழு பேரை அளந்துவிட்டு எட்டாவதாக ஒரு விற்பனைப் பெண் பக்கம் திரும்பும்போது, அவளுக்குப் பின்னால் அது நின்றது. மஞ்சள் நிறம். இரண்டே சீட். மாஸ்டரின் இடுப்பு உயரம்தான் இருக்கும். மனிதர் அளவெடுப்பதை அப்படியே விட்டுவிட்டுப் போய் அதன்மேல் கையை வைத்தார். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை தடவிக்கொண்டே போனார்.

“அடேயப்பா, என்னா கட்டிங்!” என்றார். “தோள்ல பாரும்மா, ஒரு சுருக்கம் இருக்கா? மடிப்பு ஆரம்பிச்ச எடமும் தெரியல, முடிஞ்ச எடமும் தெரியல. இத வெட்டுனவன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்.”

அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டார். வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது. மாடியின் தோளை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள்?

விற்பனைப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. “சார், ஒரு டெஸ்ட் டிரைவ் போயிட்டு வந்துடலாமா?” என்றாள்.

“வேணாம்மா.”

“காசு கெடையாது சார். சும்மா ஒரு ரவுண்டு. ஏறி எறங்கிப் பாத்தா சௌகரியம் தெரியும்ல?”

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். உண்மையைச் சொன்னால், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. கணக்கு வாத்தியார்! ரிட்டையர் ஆன பிறகு அவருக்கு வேலை ஒன்றும் இல்லை. ஷோரூமில் ஏசியும் ஓசிக் காபியும் உண்டு என்று கண்டுபிடித்து, தினமும் வந்து ஏதாவது ஒரு காருக்கு விலை விசாரித்துவிட்டுப் போவார்.

“என்ன மாஸ்டர், ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறதுதானே?” என்றார் வாத்தியார். காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கேட்ட கேள்வி அது.

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “என் கடையில ட்ரையல் குடுக்கறதும் இல்ல, வெளிய நான் ட்ரையல் பாக்கறதும் இல்ல” என்றார். கழுத்திலிருந்து டேப்பை உருவினார். கதவைத் திறந்து கையை மட்டும் உள்ளே விட்டு சீட்டின் அகலத்தை அளந்தார். இருபத்திரண்டு. அப்புறம் நிமிர்ந்து நின்று தன் இடுப்புக்குக் கீழே டேப்பைச் சுற்றினார். நாற்பத்திரண்டு, பாதி இருபத்தொன்று. “ஒரு இஞ்ச் லூஸ். போதும். கால் எடத்துலயும் ரெண்டு இஞ்ச் கூட இருக்கு. பில்லப் போடும்மா.”

வாத்தியார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வீட்டம்மா தன் அறையில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வீட்டின் பின்பக்கம் அவளுக்கென்று ஒரு சின்ன அறை, ஒரு மெஷின், தெருவுக்கு ஒரு தனிக் கதவு. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஏதோ தைத்துக் கொடுக்கிறாள் என்பது மாஸ்டரின் எண்ணம். பொம்பளைங்க சமாசாரம், நமக்கெதுக்கு என்று அவர் உள்ளே கால் வைத்ததே இல்லை, வாசலில் நின்றுதான் பேசுவார். டிப்போவுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் பழைய வேனை ஓட்டுவதும் அவள்தான்.

“ஓட்டிப் பாத்தீங்களா?” என்றாள்.

“நீயுமா?” என்று எகிறினார் மாஸ்டர்.

வாயில் கடித்திருந்த குண்டூசிகளோடு அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன கலரு?”

“மஞ்ச.”

“சரி” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். மாடிப் பணத்தை எடுத்ததற்கு ஒரு பிரளயமே நடக்கும் என்று பயந்துகொண்டு வந்தவருக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது.

காரை எடுக்கும் நாள் வந்தது. ஷோரூம் ஆட்கள் ரிப்பன் கட்டி, கைதட்டி, போட்டோ எடுத்தார்கள். மாஸ்டர் ஏறினார். ஏறினார் என்று சொல்வது மரியாதைக்காக. உள்ளே விழுந்தார் என்பதே உண்மை. அது உட்காரும் கார் இல்லை, பாதி படுத்துக்கொண்டு ஓட்டுகிற கார். முழங்கால் இரண்டும் மேலே எழும்பி ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றன. பேண்ட் எங்கெல்லாம் பிடிக்கக் கூடாதோ அங்கெல்லாம் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஆனந்தக் கண்ணீர்” என்றாள் விற்பனைப் பெண், போட்டோ எடுத்தவனிடம்.

வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றும் அவருடைய முதுகெலும்பில் ஏறி இறங்கியது. ஆனாலும் தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், கை காட்டினார்கள், மாஸ்டரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. இறங்க முடியவில்லை.

வலது காலை முதலில் வைத்துப் பார்த்தார். வரவில்லை. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். பேண்ட் விடவில்லை. கடைசியில் தலையை முதலில் வெளியே நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நாலு கால் பிராணியாகத் தவழ்ந்து வெளியே வந்தார். நிமிர்ந்தால் எதிரே வீட்டம்மா.

“சாவி விழுந்துடுச்சு. தேடினேன்.”

“கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“நல்லது” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

இப்போது மாஸ்டரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அளக்கிறதில் மன்னன் என்று பெயர் எடுத்தவர், தனக்கே பத்தாத காரை வாங்கிவிட்டார் என்று ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும், மாலைக்குள் மானம் கப்பலேறிவிடும். ஓட்டாமல் வீட்டிலேயே மூடி வைக்கலாம் என்றால், “ஏன் மாஸ்டர் வண்டிய எடுக்கல?” என்ற கேள்வி வரும். ஆகவே, ஓட்டுவது என்றும், இறங்குவதை மட்டும் யாரும் பார்க்காமல் பார்த்துக்கொள்வது என்றும் முடிவெடுத்தார்.

கடைத்தெரு விழிக்கும் முன்பே போய், தவழ்ந்து இறங்கி, முட்டியைத் தட்டிவிட்டுக் கடையைத் திறப்பார். பகலெல்லாம் முதுகு வலி பிடுங்கி எடுக்கும். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிங் மேஜையில் குப்புறப் படுப்பார். தையல்காரர்களில் மூத்தவர் இடுப்பில் ஈரத்துணியைப் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒத்தடம் கொடுப்பார். “வண்டி எப்படி மாஸ்டர்?” என்று யாராவது படியேறினால் துள்ளி எழுந்து, “அளவெடுத்துத் தச்ச மாதிரி!” என்பார்.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை வழியில் குழாய் உடைந்து ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு மாஸ்டர் கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. கடைத்தெரு ஜேஜே என்று இருந்தது. கடை வாசலில் கையில் புதுத் துணியோடு நின்றுகொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கணக்கு வாத்தியாரேதான்.

“வாங்க மாஸ்டர், இறங்குங்க. பேண்ட் ஒண்ணு தைக்கணும்.”

மாஸ்டர் கண்ணாடியை மட்டும் இறக்கினார். “அதுக்கெதுக்கு இறங்கணும்? அங்கயே நில்லுங்க. திரும்புங்க. ஆச்சு, முப்பத்தெட்டு. துணிய உள்ள குடுத்துட்டுப் போங்க.”

“காருக்குள்ள இருந்தேவா!” என்று வாத்தியார் வியந்தார். போகவில்லை. அங்கேயே நின்றார். அந்த வழியாகப் போன இரண்டு பேரும் நின்றார்கள். “மாஸ்டர் இப்பல்லாம் கார்ல இருந்தே அளவெடுக்கறாராம்” என்று பேச்சு பரவியது. அரை மணியில் காருக்கு முன்னால் வரிசையே நின்றுவிட்டது. ஒவ்வொருவராக வந்து முன் கண்ணாடிக்கு எதிரே நின்று ஒரு சுற்று சுற்றினார்கள். மாஸ்டர் உள்ளேயிருந்தபடி எண்களைக் கத்தினார், தையல்காரர் எழுதிக்கொண்டார். வாழ்நாளில் ஒரே காலையில் இத்தனை ஆர்டர் அவருக்கு வந்ததில்லை. ரெடிமேட் கடைக்காரனே கடையை விட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

சந்தோஷம் தலைக்கேறி, கொடுத்த டீயை எல்லாம் வாங்கிக் குடித்தார். அங்கேதான் கோட்டை விட்டார். நாலு டீ. பன்னிரண்டு மணிக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டரைக்கு நெற்றியில் வியர்வை. கூட்டம் கலைகிற வழியாக இல்லை. வாத்தியார் காரின் மேலே கையை ஊன்றிக்கொண்டு, இந்த முறையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரை அளக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, சாப்பிடப் போகலையா?”

“பசிக்கல மாஸ்டர்.”

“வெயிலா இருக்கே.”

“பழகிடுச்சு மாஸ்டர்.”

அதற்கு மேல் மாஸ்டரால் ஆகவில்லை. பெயராவது ஒன்றாவது என்கிற கட்டம் வந்துவிட்டது. கதவைத் திறந்தார். தலையை நீட்டினார். கையைத் தரையில் ஊன்றினார். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணளவு மாஸ்டர் நடுத்தெருவில் தவழ்ந்து வெளியே வந்தார். பாதி வந்திருப்பார், டர்ர்ர் என்று ஒரு சத்தம். இடுப்புப் பட்டையிலிருந்து கீழே வரை பேண்ட் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மாஸ்டர் அப்படியே மண்டியிட்டபடி கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது, முப்பது வருஷமும் முடிந்தது என்று நினைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் குனிந்து, அக்கறையாகக் கேட்டார்: “என்ன மாஸ்டர், உங்க பேண்ட்ட மட்டும் வீட்டம்மாகிட்ட குடுக்கலையா?”

“எதுக்கு?”

“பிரிச்சு விடத்தான்” என்றார் வரிசையில் நின்ற டிப்போ டிரைவர். “பின்னாடி ரெண்டு இஞ்ச். நாங்கல்லாம் உங்ககிட்ட வாங்கினதும் நேரா அக்காகிட்டதானே போறோம். வெள்ளிக்கெழம குடுத்தா சனிக்கெழம வாங்கிக்கலாம். டிப்போவுல எல்லாரும் அப்படித்தான்.”

“நின்னா ராஜா மாதிரி இருக்கும் மாஸ்டர்” என்றார் வாத்தியார் சமாதானமாக. “உக்காந்தாத்தான் உயிர் போகும். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்?”

மாஸ்டர் எழுந்து, வாத்தியார் கையிலிருந்த புதுத் துணியைப் பிடுங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு முதலில் போக வேண்டிய இடத்துக்கு ஓடினார். பிறகு காரைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். நடக்க நடக்கத்தான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் அளந்த ஒவ்வொரு ஆளும் நின்றுகொண்டிருந்தான். ஒருத்தனைக்கூட அவர் உட்காரச் சொன்னதில்லை. டிரைவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! ஊரில் பிரித்து விடாத கண்ணளவு பேண்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதைப் போட்டிருந்தவர் அவர்.

தெருப் பக்கத்துக் கதவு வழியாகவே அவளுடைய அறைக்குள் நுழைந்தார். ஒரு மூலையில் காக்கி பேண்ட்டுகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். எது தன் தையல், எது அவள் தையல் என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம்.

“எத்தன வருஷமா?”

வீட்டம்மா மெஷினை நிறுத்தினாள். அவர் இடுப்பில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. “நமக்குக் கல்யாணம் ஆன மறு மாசத்துலேருந்து.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. பேரு போச்சுன்னு சுவத்தப் பாத்துப் படுத்துருவீங்க. அப்புறம் உங்களத் தூக்கி நிறுத்தணும். அதுக்கு இது சுலபமா இருந்துச்சு. ரெண்டு இஞ்ச்தானே.”

மாஸ்டருக்கு முதலில் கோபம் வந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் குவியலைப் பார்க்கப் பார்க்க அது அடங்கிப்போனது. முப்பது வருஷமாக ஊரெல்லாம் மெச்சிய பெயரை இவள் ஊசியால் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவள்மேல் சொல்ல முடியாத பிரியமாக இருந்தது. கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உக்காந்துட்டேன். அள” என்றார்.

அவள் நாலைந்து குண்டூசிகளை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள். சுற்றி வந்து அளந்தாள். “உங்களுக்கு மூணு இஞ்ச் வேணும்” என்றாள்.

மாஸ்டர் தலையாட்டினார். பிறகு, “கார் எனக்குப் பத்தாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

“நீங்க வந்து சொன்ன மறுநாளே. நான் போய் ஓட்டிப் பாத்தேனே. அந்த ஷோரூம் பொண்ணும் கூட வந்துச்சு.”

“அடிப்பாவி! அப்பவே சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருக்கலாமே! பணமாவது திரும்பக் கெடச்சிருக்குமே! ஏன் சொல்லல?”

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

“எனக்குக் கச்சிதமா இருந்துச்சுங்க” என்றாள்.